கற்பூரம் அணைத்துச் செய்த சத்தியம்

அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், நான் செய்த பெரிய ஆபரேஷன்களைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். கத்தி பிடிக்க வந்தவர்களுக்கு அந்த ஆசை இருக்கத்தான் செய்யும். எனக்கும் இருந்தது. ஆனால் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தபின் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது, நான் செய்யாமல் விட்ட ஓர் ஆபரேஷன்தான். திருத்தணியில் மலைக்குக் கீழே ஒரு சின்னத் தனியார் மருத்துவமனையில் சர்ஜனாக இருந்த கடைசி வருடங்களில் நடந்தது. அதைத்தான் எழுதப்போகிறேன். பாதியில் போனை எடுத்துப் பார்க்கிறவர்கள் இப்போதே மூடி வைத்துவிடலாம்.

ரத்தினம்மாவை அவருடைய மகன் லோகநாதன் ஆர்.கே.பேட்டையிலிருந்து ஆட்டோவில் கூட்டி வந்தார். லோகநாதன் சொந்தமாகப் பவர்லூம் ஓட்டுபவர். கூடவே அவர் மனைவி கஸ்தூரி. ஆட்டோ வந்து நின்றதுமே வாசலில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எண்பதை நெருங்கிய அந்த அம்மாளுக்குச் சில வருடங்களாக மறதி நோய். கேஸ் ஷீட்டில் நீங்கள் டிமென்ஷியா என்று எழுதுவீர்கள். பேசிப் பழகிய தமிழ் முழுக்கப் போய், பிறந்த வீட்டுத் தெலுங்கு மட்டும் மிஞ்சியிருந்தது. மகனைத் தன் அப்பா என்று நினைத்துக்கொண்டு "நைனா, நைனா" என்று அவர் சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

இடுப்புப் பக்கம் யாரையும் அண்ட விடவில்லை. நர்ஸின் கையைக் கடித்துவிட்டார். கொஞ்சம் மயக்க மருந்து கொடுத்துத்தான் பார்க்க முடிந்தது. பாவாடை நாடா கட்டுகிற இடத்தில், வலது பக்கம், உள்ளங்கையை வைத்தாலும் மூடாத அகலத்துக்குச் சதை பூத்து, அழுகி, புழு வைத்திருந்தது. இறுக்கிக் கட்டியிருந்த நாடா அந்தப் புண்ணுக்குள் பாதி புதைந்திருந்தது. என் கூட இருந்த ட்யூட்டி டாக்டர் வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தார். அதற்காக நான் அவரைக் கேலி செய்யவில்லை. திரும்பி வந்தாரே, அது போதும்.

இதற்குப் புடவைப் புற்று என்று எங்களுக்குள் ஒரு பெயர் உண்டு. வாழ்நாள் முழுக்க ஒரே இடத்தில் நாடாவை இறுக்கிக் கட்டினால் தோல் கறுக்கும், அரிக்கும், வெடிக்கும். எங்கோ ஒருவருக்கு அது தோல் புற்றாக மாறும். மாறுவதற்குள் வருடக்கணக்கில் அவகாசமும் கொடுக்கும். ஆரம்பத்திலேயே யாராவது பார்த்திருந்தால் சின்ன ஆபரேஷனில் முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

எனக்கு வந்த கோபத்தை அப்படியே கஸ்தூரி மேல் காட்டினேன்.

"ஒரே வீட்ல இருக்கீங்க. தினமும் நீங்கதான் குளிக்க வைக்கிறீங்க. இது கண்ணுல படலையாம்மா?"

அந்தப் பெண் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். லோகநாதன்தான் குறுக்கே வந்தார்.

"அவள ஒண்ணும் சொல்லாதீங்க மேடம். அம்மா இடுப்புல கை வெக்க மாட்டேன்னு கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணிகீறா."

பிறகு அவர் சொன்னது இது. மறதி தொடங்கிய காலத்தில் ரத்தினம்மாவுக்கு மற்றதெல்லாம் சரியாக இருந்தது. தன் தங்கக் கம்மல் எங்கே என்பது மட்டும் தெரியவில்லை. முதல் தறி வாங்கும்போது அவர் கணவர் அதை விற்றுவிட்டார். காதிலிருந்து கழற்றிக் கொடுத்ததே ரத்தினம்மாதான். அது அவருக்கு மறந்துபோய்விட்டது. இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து மருமகள்தான் கம்மலை எடுத்துவிட்டாள் என்று தெருவில் நின்று கத்தினார். சென்னையில் இருக்கும் மகள் வசந்தா அதை நம்பினாள். அம்மாவுக்கு மற்றதெல்லாம் ஞாபகம் இருக்கிறது, இதை மட்டும் எப்படித் தப்பாகச் சொல்வாள் என்பது அவள் நியாயம். அப்பா விற்றதை லோகநாதன் சொன்னபோது, பெண்டாட்டிக்குப் பரிந்து பேசுகிறான் என்றாள். அண்ணியோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

கஸ்தூரி தெருவிலிருந்த அம்மன் கோயிலில், எல்லோருக்கும் முன்னால் கற்பூரம் ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். "நான் எடுக்கல. இனிமே உங்க இடுப்புப் பக்கம் என் கை வராது." அன்றிலிருந்து அந்தச் சத்தியம் மாறவில்லை. குளிக்க வைக்கும்போது மாமியார் தானே நாடாவை அவிழ்த்துத் தூக்கிய பாவாடையை மார்புக்கு மேல் கட்டி, மேலிருந்து தண்ணீர் ஊற்றுவாள். முதுகு தேய்ப்பாள், கால் தேய்ப்பாள். இடுப்பைத் தொடமாட்டாள். துணியில் கறை தெரிந்தபோது நாடா உரசிய புண் என்று நினைத்து மஞ்சள் குழைத்துக் கொடுத்திருக்கிறாள். கிழவி அதைத் தானே தடவிக்கொண்டாராம். நாற்றம் வீட்டை நிறைத்தபிறகுதான் லோகநாதன் ஆட்டோவைக் கூப்பிட்டிருக்கிறார்.

என் கோபம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அதை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் போனது, அவ்வளவுதான்.

பரிசோதனை முடிவு வருமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு தொடை இடுக்கிலும் கல் மாதிரி கட்டிகள், அசைத்தால் அசையாமல். சென்னையில் புற்றுநோய் நிபுணர் ஒருவரிடம் படங்களை அனுப்பிப் பேசினேன். வெட்டி எடுக்கலாம், தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டலாம், கட்டிகளையும் எடுத்துப் பார்க்கலாம், ஆனால் திரும்ப வரும் என்றார். அதற்குள் வசந்தா வந்து சேர்ந்தாள். பஸ்ஸில் வந்த களைப்போடு என் அறைக்குள் நேராக நுழைந்தாள்.

"செலவப் பத்தி யோசிக்காதீங்க டாக்டர். எங்க வேணாலும் கூட்டினு போறோம். ஆபரேஷன் பண்ணுங்க. இவங்க பாத்துக்காம வுட்டதுக்கு எங்கம்மா ஏன் சாவணும்?"

என் ட்யூட்டி டாக்டரின் முகத்திலும் அதே ஆவல் தெரிந்தது. நான் அவரைக் கேட்டேன்: "சரி, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. மறுநாள் காலைல அந்தம்மா கண்ணைத் திறக்கிறாங்க. அப்புறம்?"

அவர் யோசித்தார். பதில் எங்கள் இருவருக்கும் தெரியும். கண் திறக்கும்போது அந்த அம்மாளுக்கு ஆபரேஷன் நடந்ததே தெரியாது. புது இடம், புது முகங்கள், இடுப்பில் காரணம் தெரியாத வலி. ஒட்டிய தோல் பிடிக்கும்வரை அசையாமல் கிடக்க வேண்டும் என்று ஒவ்வொரு மணி நேரமும் புதிதாகச் சொல்ல வேண்டும். சொன்னது அடுத்த நிமிடம் மறந்துவிடும். முதல் நாளே எல்லாவற்றையும் பிய்த்துப் போடுவார். பிய்க்காமலிருக்கக் கட்டிப் போட வேண்டும். மிச்சமிருக்கும் சொற்ப காலத்தில் பாதியை அப்படிக் கழிக்க வைப்பதற்கு நாம் ஆபரேஷன் என்று பேர் வைத்துக்கொள்ளலாம்.

ரத்தக் கசிவைக் குறைக்கக் கதிர்வீச்சாவது கொடுத்துப் பார்க்கலாம் என்று வேலூர்ப் பக்கம் ஓரிடத்துக்கு அனுப்பினேன். தனியறையில் படுக்க வைத்துக் கதவைச் சாத்தியதும், உயிரோடு புதைக்கிறார்கள் என்று கத்திக் கீழே விழப் பார்த்தாராம். அன்றே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

லோகநாதன் என்னிடம் கேட்டார்: "அப்ப சும்மா வுட்டுட வேண்டியதுதானா மேடம்?"

"சும்மா விடறதுன்னு யார் சொன்னது? இனிமேதான் வேலையே இருக்கு" என்றேன். பெருமைக்குச் சொன்னதாக அப்போது எனக்கே பட்டது. ஆனால் அது உண்மையாகிவிட்டது.

முதல் வேலையிலேயே தோற்றோம். நாடாவை வெட்டி எடுத்துவிட்டு நைட்டி போட்டுவிட்டார்கள். ரத்தினம்மா தன்னை அம்மணமாக நிறுத்திவிட்டதாக நினைத்து அழுதார். கட்டுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடினார். எதுவும் கிடைக்காமல் சலைன் டியூபைப் பிடுங்கி இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். கட்டு போட்டால் பிரிப்பார், பிரித்துப் புண்ணுக்குள் விரலை விடுவார். மறுநாள் நான் ரவுண்ட்ஸ் போனபோது அவருடைய இரண்டு கைகளும் காஸ் துணியால் கட்டிலோடு கட்டப்பட்டிருந்தன. மணிக்கட்டு சிவந்திருந்தது. "நைனா, விடச் சொல்லு" என்று மகனைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தார். லோகநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

நான் போட்ட கூச்சல் மாடிவரைக்கும் கேட்டிருக்கும். ட்யூட்டி டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "வேற என்ன செய்யறது மேடம்? நீங்களே சொல்லுங்க" என்றார். நியாயமான கேள்வி. கட்டை அவிழ்த்துவிட்டு அந்தக் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்திருந்தபோது இரண்டு விஷயம் புரிந்தது. கட்டு மாற்ற வரும்போது மட்டும்தான் அவர் அடிக்கிறார், கடிக்கிறார். அது கோபம் இல்லை, வலி. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர்கள் கையால்தான் சொல்வார்கள். கட்டு மாற்றுவதற்கு முன்கூட்டியே மார்ஃபின் கொடுக்கச் சொன்னேன். பாதி முரட்டுத்தனம் அன்றே அடங்கியது. கிழவிக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம்.

இன்னொன்று, குளியல். வீட்டில் குளிக்கும்போது மட்டும் இந்த அம்மாள் பாவாடையை இடுப்பிலிருந்து தானே தூக்கிவிடுகிறாரே, அது எப்படி? கஸ்தூரியைக் கேட்டேன். "அது குளிக்கிறது மேடம். குளிக்கிறதுன்னா தெரியும் அவங்களுக்கு" என்றாள். பிடித்துக்கொண்டேன். கட்டிலில் கட்டு மாற்றுவதை நிறுத்தினோம். குளியலறையில் ஸ்டூல் போட்டு, பாவாடையை மார்புக்கு மேல் கட்டி, வெந்நீரைத் தோளில் ஊற்றிக்கொண்டே ஒரு பக்கமாகத் துணியை விலக்கிப் புண்ணைக் கழுவினோம். ரத்தினம்மா கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். கழுவிக் கட்டு போட்டபின், கட்டுக்கு மேலே மெத்தென்ற பருத்தித் துணிப் பட்டையைத் தளர்வாகச் சுற்றி ஒரு முடிச்சு போட்டேன். கை தேடிப்போகும்போது அங்கே ஒரு முடிச்சு கிடைத்தால் அவருக்குப் போதும். அதைப் பிடித்துக்கொண்டே தூங்கிவிடுவார்.

ஆனால் வீட்டுக்குப் போனால் யார் செய்வது? ஆண் கை பட்டால் கத்துகிறார். வசந்தா வாரக் கடைசியில்தான் வரமுடியும். கஸ்தூரியிடம் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு, "சத்தியம் பண்ணியிருக்கேன் மேடம்" என்றாள். அப்போது நான் ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லியிருப்பேன். ஏனோ சொல்லவில்லை. மறுநாள் காலை அவள் தலைக்குக் குளித்து, நெற்றியில் விபூதியோடு வந்தாள். மலை ஏறிவிட்டு வந்திருக்கிறாள்.

"கத்துக்குடுங்க. முருகன் கிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்."

அன்று முதல் தினமும், வீட்டுக்குப் போனபின்னும், அவள்தான் செய்தாள். நாற்றத்துக்கு மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினாள், வலி மாத்திரையை வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்தாள். தினமும் அந்தக் குளியலில் ரத்தினம்மா அவளைத் "தொங்க, தொங்க" என்று திட்டிக்கொண்டே இருந்தார். தெலுங்கில் திருடி என்று அர்த்தம். என் கம்மலை எங்கே வைத்தாய் என்பார். ஒருமுறை நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, "ஏம்மா, ஆமான்னு சொல்லிட்டா வாயை மூடிடுவாங்களே?" என்று விளையாட்டாகக் கேட்டேன். கஸ்தூரி சிரிக்கவில்லை. "கற்பூரம் அணைச்சு இல்லன்னு சொன்னது மேடம். இடுப்பத் தொடமாட்டேன்னது வேற. அத மாத்தி எப்பிடி சொல்றது? என் பேருன்னு அது ஒண்ணுதானே கீது" என்றாள். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

லோகநாதனையும் அவளையும் உட்கார வைத்து ஒன்று சொல்லியிருந்தேன். தொடை இடுக்கில் இருக்கும் கட்டி ஒருநாள் ரத்தக்குழாயை அரித்துவிடலாம். ரத்தம் கொட்டும். நிறுத்த முடியாது. அடர் நிறத்தில் கனமான துண்டுகளைத் தயாராக வையுங்கள், வெள்ளைத் துணியில் பார்த்தால் தாங்க முடியாது. எங்கேயும் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், என்னைக் கூப்பிடுங்கள். இதைச் சொல்வது கொடுமை. முன்கூட்டியே சொல்லாமல் விடுவது அதைவிடப் பெரிய கொடுமை. இதையெல்லாம் நான் வசந்தாவிடம் போனில் சொன்னேன். பாதியிலேயே, "அப்பிடியெல்லாம் பேசாதீங்க டாக்டர்" என்று வைத்துவிட்டாள்.

ஆடிக் கிருத்திகை அன்று அது நடந்தது. ஊர் முழுக்கக் காவடி. அரக்கோணம் பக்கமிருந்தும் ஆந்திராப் பக்கமிருந்தும் சாலையை அடைத்துக்கொண்டு ஜனம். கஸ்தூரி போன் செய்தாள். காலையிலிருந்து கசிந்த ரத்தம் இப்போது துண்டைத் தாண்டுகிறது, திருவிழாவுக்கு வந்திருக்கும் வசந்தா வேன் கூப்பிட்டுவிட்டாள் என்றாள். ஊசி மருந்துகளை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். வழியிலிருக்கும் கே.ஜி.கண்டிகைவரை எதிரே வந்த காவடிக் கூட்டத்தைப் பிளந்துகொண்டுதான் போனோம். என் வாழ்க்கையில் முருகனை அவ்வளவு திட்டியதில்லை.

வாசலில் வேன் ஓடிக்கொண்டிருந்தது. ரத்தினம்மாவைப் பாதி ஏற்றியிருந்தார்கள். சீட்டில் ரத்தம். லோகநாதன் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏற்றுவதா இறக்குவதா என்று தெரியாமல் நின்றிருந்தார். வசந்தா என்னைப் பார்த்ததும், "வழி வுடுங்க டாக்டர், சென்னைக்குப் போறோம்" என்றாள்.

இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்த நினைக்கிறேன். நாடியைப் பார்த்தேன். மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம். அந்த வேன் திருத்தணியைத் தாண்டாது. கூட்டத்தில் மாட்டி, மேளச் சத்தத்துக்கு நடுவில், முன்பின் தெரியாத டிரைவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு, பயந்துபோய் அந்த அம்மாள் சாவார். மகள் சொல்வதைக் கேட்டால் என் மேல் பழி வராது, போகிற வழியில் போய்விட்டது என்று ஆகிவிடும். அந்த எண்ணமும் எனக்கு வந்தது. உங்களுக்கும் வரும். அந்த அம்மாள் அடுத்தமுறை பயந்து கண்ணைத் திறக்கும்போது எந்த முகம் தெரிய வேண்டும் என்று மட்டும் என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

"இறக்குங்க" என்றேன். லோகநாதன் இறக்கினார். வசந்தா என் கையைப் பிடித்து இழுத்தாள், பிறகு தரையில் உட்கார்ந்து அழுதாள்.

உள்ளே பாயில் படுக்க வைத்தோம். கஸ்தூரி இரண்டு கையாலும் துண்டை வைத்து அழுத்திக்கொண்டாள். வசந்தா எழுந்துவந்து அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் ஊசி போட்டேன். அது வேலை செய்யச் சிறிது நேரம் ஆகும். அந்தச் சிறிது நேரம் இருக்கிறதே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ரத்தினம்மாவின் கண்கள் அலைந்தன. இடுப்புப் பக்கம் கையைத் துழாவிக் கஸ்தூரியின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். "தொங்க... கம்மல்... கம்மல்..." என்று உடம்பை முறுக்கினார். முறுக்கும்போதெல்லாம் ரத்தம் அதிகமானது. நான் ஏதேதோ சமாதானம் சொன்னேன். லோகநாதன் சொன்னார். எதுவும் காதில் ஏறவில்லை.

கஸ்தூரி குனிந்து அவர் காதருகில் தெலுங்கில் பேசினாள். இந்தப் பக்கம் டாக்டராக இருந்தால் அந்த அளவுக்குத் தெலுங்கு தானாக வந்துவிடும்.

"ஆமா அத்தை. நான்தான் எடுத்தேன். தப்புதான். மன்னிச்சிடுங்க."

கிழவி அவளையே பார்த்தார். பிடி தளர்ந்தது. "போகட்டும். நீயே போட்டுக்கோ" என்றார். அதற்குப் பிறகு அவர் திமிறவில்லை. மருந்தும் இறங்கியது. மூச்சு மெல்ல மெல்ல இடைவெளி விட்டு, நின்றது.

நான் நிமிர்ந்தபோது வசந்தா அம்மாவைப் பார்க்கவில்லை. கஸ்தூரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரியம் முடிவதற்குள் ஆர்.கே.பேட்டை முழுக்கத் தெரிந்துவிட்டது. கற்பூரம் அணைத்துப் பொய்ச் சத்தியம் செய்தவள், சாகிற நேரத்தில் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டாள். அதனால்தான் அந்தப் புண் கிழவிக்கு வந்தது என்றும் சேர்த்துக்கொண்டார்கள். தெருவில் சில வீடுகளில் கஸ்தூரியை வாசலோடு நிறுத்தினார்களாம். எனக்கு மனம் கேட்கவில்லை. வசந்தாவுக்குப் போன் செய்து, அது ஏன் சொல்லப்பட்டது, எதற்காகச் சொல்லப்பட்டது என்று பொறுமையாக விளக்கினேன். எனக்குப் பொறுமை எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "சாவற நேரத்துல, பெத்த தாயி மாதிரி கீறவங்க கிட்ட, யாராவது பொய் சொல்லுவாங்களா டாக்டர்?"

நோயாளியிடம் பொய் சொல்லலாமா என்று நீங்கள் ஒழுக்க நெறி வகுப்பில் விவாதிப்பீர்கள். விவாதியுங்கள். நல்லதுதான். நான் போட்ட ஊசிக்கு முன்னால் அந்த வலியை நிறுத்தியது எது என்று எனக்குத் தெரியும். அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதும் தெரியும். டாக்டருக்கு அதில் ஒரு பைசா செலவில்லை. இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கேவலமாக இருக்கிறது.

மீதியிருந்த மார்ஃபின் மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்கக் கஸ்தூரி ஒருநாள் மருத்துவமனைக்கு வந்தாள். இளைத்திருந்தாள். உட்காரச் சொல்லி, கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"வசந்தா பக்கத்துலயே இருந்தாங்களே. காதுல விழும்னு தெரியாதாம்மா உனக்கு?"

"தெரியும் மேடம்."

"அப்புறம் ஏன் சொன்ன?"

மாத்திரை அட்டையை மேசை மேல் வைத்தாள். அதில் எத்தனை மீதி என்று எண்ணிப் பார்த்து வாங்கிக்கொள்ளும்படி சொன்னாள். பிறகு எழுந்துகொண்டே, "அவங்களுக்கு அப்ப தாங்க முடியல. எனக்கு இன்னும் நாள் கீதே, தாங்கிப்பேன்" என்று சொல்லிவிட்டு, பேட்டை பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.